மாப்பிள்ளை நின்ற கோல்

எனக்கு மாப்பிள்ளைகளைப் பிடிக்காது. நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டதைத் தவிர வேறு எதுவும் செய்யாத ஒருவனுக்கு வீட்டில் இருக்கிற நல்ல நாற்காலியையும் நல்ல தலையணையையும் கொடுத்துவிட்டு, அவன் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு? நாற்காலியோடு நிறுத்தியிருந்தாலும் போகட்டும் என்று விடலாம். நாங்கள் கோல் போஸ்ட்டையும் கொடுத்தோம். கொடுத்தவன் நான்.

அப்போது திருவனந்தபுரத்தில், கரமனையில் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. பகலில் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, சாயங்காலம் பந்து. திருவிதாங்கூர் சமஸ்தான அணிக்கு நான் கேப்டன். ஆடுவது இடது பாக், கோலுக்கு முன்னால் காவல். (என் தொப்பையைப் பார்ப்பவர்கள் இதை நம்புவதில்லை. நம்ப வேண்டாம்.) தோல் பந்தை உதைத்துவிட்டு வந்தால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அம்மா என்னை வீட்டுக்குள் விடுவாள். எங்களுக்கு அன்று திருவிதாங்கூர்தான் தேசம், அந்த அணிதான் தேசத்தின் அணி. கொழும்பிலிருந்து ஓர் அணி கப்பலும் ரயிலும் ஏறி எங்களோடு ஆட வருவதாக ஏற்பாடு. தீபாவளி கழிந்து நான்காம் நாள் ஆட்டம்.

எங்கள் கோல்கீப்பர் மாதவன். பள்ளிக்கூட வாத்தியார். பறப்பது எதுவானாலும் பிடித்துவிடுவான். அதுதான் வினையாயிற்று.

அந்த வருஷம் என் தங்கை விசாலத்துக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து இறங்கினார். அப்பா ஒரு கல் வைத்த மோதிரம் போட்டார். அது கொஞ்சம் பெரிசு. விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. தீபாவளியன்று காலையில் பலகாரம் சாப்பிட மாதவனைக் கூப்பிட்டிருந்தேன். மாப்பிள்ளை தெருவில் நின்று ஓலைவெடி போட்டுக்கொண்டிருந்தார். கையிலேயே பற்றவைத்து வீசுவதுதான் வீரம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வீசினார். (இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். முட்டாள், கவனிக்கவில்லை.) கண் மூடியிருந்ததால் வெடி தெருவுக்குப் போகாமல் எங்கள் வாசல் பக்கம் வந்தது. வாசலில் மாதவன். பறந்து வந்ததை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அறியாதெ பிடிச்சுபோயி, சாமி," என்றான் என்னிடம், என்னவோ அவன் தப்புச் செய்துவிட்ட மாதிரி. அப்பா ஓடிவந்து ஆபீஸ் மசிப்புட்டியைக் கவிழ்த்து அவன் இரண்டு கையிலும் ஊற்றினார். தீப்புண்ணுக்கு அன்று அதுதான் கைமருந்து. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குக் கையால் சோறுகூட உண்ண முடியாது என்றார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வலியதுறைக்குப் போனேன். அங்கே லாசர் இருந்தான். கடல்பாலத்தில் மூட்டை இறக்குகிறவன். மற்ற நாட்களில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போவான். மூன்று வருஷமாக எங்கள் பயிற்சிக்கெல்லாம் வந்து மாற்றாளாக நின்றவன். நல்ல ஆட்டம் ஒன்றில்கூட அவனை நிறுத்தவில்லை. மாதவன் இருந்தான், அதனால் நிறுத்தவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். போன வருஷம் அவன் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவன் அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், இவன் கரையில் ஒரு வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்று. போலீஸுக்கு ஆள் எடுக்கிற துரை இந்த ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தது. பந்தாடுகிறவன் என்றால் அவர் உடனே எடுத்துக்கொள்வார். இது எனக்கும் தெரியும், லாசருக்கும் தெரியும்.

"நீதான் நிற்கணும்," என்றேன்.

அவன் கையை முண்டில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமா, சாமி?"

"சத்தியம்."

வீட்டுக்குத் திரும்பினால், மாப்பிள்ளை நல்ல நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முடிவை அறிவித்துவிட்டிருந்தார். "என்னாலே வந்த தோஷம். அந்த எடத்துலே நானே நிக்கறேன். காலேஜ் டீமிலே நின்னவன்தான்."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது. என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"கேட்டியோடா சங்கரா, மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டுட்டார்."

"வேற என்ன வேணுமானாலும் கேக்கட்டும்ப்பா. ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கோ."

"சைக்கிள் வேண்டாமாம். இது போறுமாம்."

"லாசருக்கு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

"லாசர் ஆத்துலேயாடா நம்ம பொண்ணைக் கொடுத்திருக்கோம்?"

அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"தலை தீபாவளிக்கு வந்தவர் மொகத்தைத் தூக்கிண்டு ஊருக்குப் போனா, அங்கே நம்ம கொழந்தையை என்ன பாடு படுத்துவா, தெரியுமா? அந்த மாமியார்க்காரியை நீ சரியாப் பாக்கலை."

விசாலம் நாலடி தூரத்தில் நின்று முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணா," என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசிண்டிருக்கோம்," என்றேன்.

அணிக்கு ஒரு கமிட்டி உண்டு. அதன் தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். "சங்கரன் தீருமானிச்சால் மதி," என்றார். நான் தீர்மானித்தால் போதுமாம். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆக, பழியைப் போட வேறு ஆளும் இல்லை. முடிவு செய்தவன் நான், காகிதத்தில் மாப்பிள்ளை பெயரை எழுதியவன் நான். லாசரிடம் போய், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொன்னவனும் நான்தான். அவன், "சரி, சாமி," என்றான். வைதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆட்டத்தன்று காலையிலிருந்து ஐப்பசி மழை. பாளையத்துப் பக்கம் மைதானம் முழுவதும் சேறு. அப்பா ஜரிகைத் தலைப்பாகையோடு, குடையோடு, முன்வரிசையில். இரண்டு நாற்காலி தள்ளிப் போலீஸ் துரை. லாசரும் வந்திருந்தான். வெளியே போகும் பந்தை எடுத்துப் போட ஆள் வேண்டுமே. வழக்கம்போலக் கோலுக்குப் பின்னால் நின்றான். மாப்பிள்ளை மோதிரத்தோடு வந்து நின்றார். கழற்றி என்னிடம் கொடுங்கோ என்றேன். "மாமனார் போட்டது. கழட்டப்படாது," என்றார். அப்பாவுக்கு அது கேட்டது. மறுபடியும் கண் கலங்கினார்.

கோல்கீப்பருக்கும் பாக்குக்கும் நடுவில் ஒரு பாஷை உண்டு. மாதவனிடம் நான், "ஏறி வாடா கழுதே," என்பேன், அவன் திரும்ப இன்னும் மோசமாக ஏதாவது சொல்வான், வேலை நடக்கும். அன்று கொழும்புக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். அது நிதானமாக மேலே போய், எங்கள் கோலுக்கு ஆறடி முன்னால் இறங்கத் தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன். முன்வரிசையில் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாலே வரேளா?"

நான் 'கொஞ்சம்' சொல்லும்போதே பந்து தரையில் விழுந்துவிட்டது. 'முன்னாலே' சொல்லும்போது அவர்கள் ஆள் ஒருவன் அதைத் தொட்டான். 'வரேளா' என்று முடித்தபோது அது உள்ளே இருந்தது.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லப்படாதோ?" என்றார் மாப்பிள்ளை.

இரண்டாவதும் அதே மாதிரி. மூன்றாவது வரும்போது வலது பாக் குட்டன் பொறுக்க முடியாமல், "எடோ, கேறி வாடோ," என்று கத்தினான். மாப்பிள்ளை முன்னால் வரவில்லை. தன்னை 'எடோ' என்றவன் யார் என்று திரும்பிப் பார்த்தார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் உள்ளே போயிற்று.

"யார் அவன்? மரியாதை தெரியாதோ?" என்று என்னிடம் வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆட்டத்தின் நடுவில், சேற்றில் நின்றுகொண்டு, குட்டனுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதும்போதே என்னை நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

நான்காவது கோல் அவர் விரல்களுக்கு நடுவே நுழைந்தது. கூடவே மோதிரமும் போயிற்று. மாப்பிள்ளை குனிந்து சேற்றைத் துழாவ ஆரம்பித்தார். அப்பா குடையோடு மைதானத்துக்குள் ஓடிவந்து, "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ, மோதிரம்," என்றார். நடுவர் அவரைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு ஊதினார். ஐந்தாவது கோல், குனிந்திருந்த மாப்பிள்ளையின் தலைக்கு மேலே போயிற்று. அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இடைவேளையில் கொழும்புக் கேப்டன் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, உங்கட கோல்கீப்பரை மாத்துங்கோவன். எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. இப்பிடி அடிக்க எங்களுக்கே வெக்கமாக் கிடக்கு."

எட்டடி தூரத்தில் லாசர். கேட்டுவிட்டான். முண்டை மடித்து இறுக்கிக் கட்டினான்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சபையிலே வேண்டாம்," என்றார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்று கொழும்புக்காரரிடம் சொன்னேன்.

லாசர் முண்டின் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு பழைய இடத்துக்குப் போனான். தீபாவளியன்று நான் செய்ததை அடுக்களையில் வந்த புத்திக்கேடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதை என்ன சொல்லித் தப்பிப்பது? எதிராளியே வந்து கதவைத் திறந்துவிட்டான். நானே சாத்தினேன்.

இரண்டாம் பாதியில் கொழும்புக்காரர்கள் இரக்கப்பட்டு இரண்டோடு விட்டார்கள். மொத்தம் ஏழு. போலீஸ் துரை ஆறாவதிலேயே எழுந்து போய்விட்டார். கூட்டம் கலைந்த பிறகு அப்பாவும் மாப்பிள்ளையும் நானும் கோலுக்கு முன்னால் முட்டிபோட்டு மோதிரம் தேடினோம். கிடைக்கவில்லை. லாசர் வந்தான். கால் விரலால் சேற்றை இரண்டு தடவை கிளறினான். குனிந்து எடுத்து, முண்டில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான்.

"இதெங்கிலும் கையில் நிக்கட்டே, சாமி," என்றான். இதாவது கையில் நிற்கட்டுமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை.

வீட்டில் மாப்பிள்ளைக்கு வெந்நீரும் தைலமும் நடந்தது. எனக்குக் கிணற்றடி. விசாலம் காப்பி கொண்டுவந்து துவைக்கல்லில் வைத்தாள்.

"ஏழாமே, அண்ணா."

"காலேஜிலே நின்னவர்னு சொன்னாரேடி."

"நின்னார். போட்டோவிலே. அன்னிக்கு கோல்கீப்பருக்கு ஜுரமாம், படத்துக்கு ஆள் கொறையறதுன்னு இவரை இழுத்து நிறுத்தினாளாம். கல்யாணமாகி மூணாம் நாள் எங்கிட்டே சொல்லிட்டுச் சிரிச்சார்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அது போகட்டும்," என்றாள். "நலங்கிலே நான் பூச்செண்டு எறிஞ்சேனே, ஒண்ணாவது பிடிச்சாரா? ஒவ்வொண்ணுக்கும் கண்ணை மூடிண்டார். ஊரே உக்காந்து பாத்துது. நீ முன்னாலேதான் இருந்தே."

இருந்தேன். சிரித்தேன்கூட. ஒரு கல்யாணக் கூட்டம் முழுவதும் பார்க்க, அந்த மனிதர் கோல்கீப்பருக்கான பரீட்சையில் தோற்றிருக்கிறார். கேப்டனான நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்றிருக்கிறேன்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா கோவிச்சுண்டிருப்பாரே."

"ஆமாம், அரைமணி. அப்பறம் நான் ரெண்டு முறுக்கு கொடுத்திருப்பேன், சரியாப் போயிருக்கும். அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். நீதானே வாயை மூடச் சொன்னே."

மாப்பிள்ளை நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். விசாலத்தை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அந்த மாமியாரும் சாதுவாம். ஆனால் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "அன்னிக்கு பாக் சரியில்லே," என்பார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எதற்கும் அதுதான் பேச்சு. பால் பொங்கி வழிந்தபிறகு, பஸ் போனபிறகு, மழை பெய்து துணி நனைந்தபிறகு, யாராவது ஒருவர் ராகம் போட்டு, "மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாலே வரேளா?" என்பார். என் மருமகள் வலியசாலைக்காரி. வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

லாசரைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், வலியதுறைக் கடற்கரையில். நரைத்திருந்தான். வள்ளத்தை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தான். கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான், அத்தனை வருஷமும். அடையாளம் தெரிந்ததும், "மாப்பிள்ளைக்கு சுகந்தன்னே?" என்று கேட்டான். சுகம்தான் என்றேன். அவன் வள்ளத்தைத் தள்ளப் போய்விட்டான்.

போன மாதம் மாப்பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம். பேரன் பேத்திகள் விடவில்லை. நலங்கு வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். விசாலம் பூச்செண்டை எடுத்து எறிந்தாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மண்டபம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "மாப்பிள்ளை, கொஞ்சம் முன்னாலே வரேளா?"

செண்டு அவர் நெற்றியில் பட்டு, உருண்டு, என் காலடியில் வந்து நின்றது. எடுத்தேன். நானும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"லாசர் பிடிச்சிருப்பான்," என்றேன்.

"லாசரா? யாரது?" என்றார் மாப்பிள்ளை.