பொத்தான் வைத்த அழைப்பிதழ்

விருந்து கொடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பொது மேலாளரும் அவர் மனைவியும், அலுவலகத்துப் பெரிய தலைகள் நாலைந்தும். எல்லாரும் கோட்டு போட்டு வர வேண்டும். அவ்வளவு கம்பீரமான விருந்து.

மைத்துனருக்கு மட்டும் அழைப்பு இல்லை. என் மனைவியின் அண்ணன். கார் விற்கிற கடையில் வேலை. தங்கமான மனுஷர்தான். ஆனால் வழுக்கைத் தலையைக் கண்டால் விடமாட்டார். தோளில் கை போட்டு, கொட்ட ஆரம்பித்தது எப்போது என்று அக்கறையாக விசாரிப்பார். எங்கள் பொது மேலாளரின் தலையோ, முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படி.

வீடு சின்னது, ஆள் அதிகமானால் மூச்சு முட்டும் என்று மனைவியிடம் பக்குவமாகச் சொன்னேன். புரிந்துகொண்டாள். சண்டை போடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அழைப்பிதழை நானே வடிவமைத்தேன். தடித்த கறுப்புத் தாளைக் கோட்டு மாதிரி வெட்டி, கழுத்துப்பட்டை மடித்து, உள்ளே வெள்ளைத் தாளில் விஷயத்தை எழுதினேன். பொத்தானைக் கழற்றினால் கோட்டு திறக்கும். காகிதப் பொத்தான் எடுபடவில்லை என்றாள் மனைவி. உள்ளே போய், உள்ளங்கை நிறையக் கறுப்புப் பொத்தான்களோடு வந்தாள். ஏது என்றேன். வீட்டில் இருந்ததுதான் என்றாள். உட்கார்ந்து அவளே தைத்தும் கொடுத்தாள்.

அலுவலகமே அசந்துபோனது. மேலாளர் கோப்புகளை விட்டுவிட்டு, பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நான் மனக்கோட்டை கட்டினேன்.

விருந்தன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்தேன். என்னுடைய ஒரே கோட்டு. முன்பக்கம், கை, எங்கும் ஒரு பொத்தான் இல்லை. நூல் மட்டும் மீசை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

"பொத்தானெல்லாம் எங்கே?"

"ஒண்ணு உங்க மேலாளர் மேஜையில இருக்கு. மத்தது அவங்கவங்க வீட்ல."

"இப்ப நான் எதை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறது?"

"அண்ணன்கிட்ட ரெண்டு கோட்டு இருக்கு. ஆனா கோட்டை வாங்கிக்கிட்டு ஆளைத் திருப்பி அனுப்ப முடியாதுங்க. நல்லாயிருக்காது."

சரி, கேட்டுப் பார் என்றேன். அவள் போனைத் தொடவேயில்லை. அழைப்பு இல்லாதவர் வாசலில் அழைப்பு மணியை அடித்தார். ஒரு கோட்டு உடம்பில், ஒரு கோட்டு கையில்.

அந்தக் கோட்டில் என்னோடு இன்னொருவர் குடியிருக்கலாம். கை விரல்கள் வெளியே வரவில்லை. மேலாளர் கோட்டுக் கையைத்தான் குலுக்கினார். மைத்துனரைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் கண்ணால் கெஞ்சினேன். அவள் அவர் கையில் பழரசத் தட்டைக் கொடுத்துக் கூடத்துக்கு அனுப்பினாள்.

தட்டு இறங்கியது. கை மேலாளரின் தோளில் ஏறியது. கேள்வி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் மேலாளர் சிரித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லையாம். கல்லூரியில் சீப்பைத் தொலைத்த நாளிலிருந்து ஆரம்பித்தார். பூசிய எண்ணெய்கள், ஏமாற்றிய வைத்தியர்கள், எல்லாம் வந்தது. பெரிய தலைகள் தங்கள் முடியை மறந்து சிரித்தன. என் பதவி உயர்வுப் பேச்சை யாரும் எடுக்கவேயில்லை. நான் காலித் தட்டுகளை எடுத்தேன்.

புறப்படும்போது மேலாளர் மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் எங்க வீட்ல ஒரு விருந்து. நீங்க அவசியம் வரணும்."

பிறகு, தொளதொளவென்று நின்ற என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சா இவரையும் கூட்டிட்டு வாங்க."