வடிகால் துளைக்கு நன்றி

எங்கள் ஃபிரிட்ஜின் பின்சுவரில், காய்கறித் தட்டுக்குச் சற்று மேலே, ஒரு சிறு துளை இருக்கிறது. உருகிய பனி அதன் வழியேதான் வெளியே வடியும். துளை அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கும். இந்த அறிவியலுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

டெட் புத்தாண்டின் இரண்டாம் நாள், எங்கள் கன்தோ ஊரில் மருமகன்கள் மாமனார் வீட்டுக்குப் போயாக வேண்டும். என் மாமனார் பாடுவார். கையில் மைக், பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர், காலை முதல் விளக்கு வைக்கும் வரை. கைதட்டல் குறைந்தால் அதே பாட்டை மறுபடியும் பாடுவார். இந்த ஆண்டு போவதில்லை என்று சபதம் செய்தேன். முதல் நாள் காலையிலேயே, வாழையிலையில் அவித்த புத்தாண்டுச் சோற்றுருளையில் ஒரு கிள்ளு எடுத்துத் துளையை அடைத்தேன். பசையரிசி. கல்லாகப் பிடித்துக்கொண்டது.

ஏன் முதல் நாள்? அன்று எந்த மெக்கானிக்கும் வரமாட்டார். வீட்டுத் தண்ணீரை வெளியே கொட்டவும் கூடாது. கொட்டினால் வருஷத்துச் செல்வமும் கூடவே போய்விடும். எல்லாக் கோணத்திலும் யோசித்திருந்தேன்.

மாலையில் என் மனைவி லுயென் கத்தினாள்.

"என்னங்க! ஃபிரிட்ஜுக்குள்ள குளம் கட்டி நிக்குது!"

"செல்வம் தேங்குதும்மா. நல்ல சகுனம்."

"கீரை நீச்சலடிக்குது. சகுனமாம்!"

"யாராவது கூடவே இருந்து துடைச்சுக்கிட்டே இருக்கணும். நாளைக்கு நீ மட்டும் போயிட்டு வா. நான் தியாகம் பண்ணிக்கிறேன்."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!" என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நன்றியில் எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை வாசலில் ஒரு வேன். முதலில் ஸ்பீக்கர் இறங்கியது. அடுத்து மாமனார். பின்னால் மொத்தக் குடும்பமும்.

"மாப்பிள்ளை! சாப்பாடு கெட்டுடக் கூடாதுன்னு ஃபிரிட்ஜுக்குக் காவல் இருக்கீங்களாமே! அதான் நாங்களே வந்துட்டோம். இன்னிக்கு எல்லாப் பாட்டும் உங்களுக்குத்தான்!"

எல்லாப் பாட்டும் எனக்குத்தான். இடையிடையே, முட்டை போட்ட பன்றிக்கறிக் குழம்பைச் சூடாக்கிப் பரிமாறியதும் நான். பாத்திரம் தேய்த்ததும் நான்.

மாமியார் மெல்ல வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணமானதுலேருந்து ரெண்டாம் நாள்னா எனக்கு அடுப்படிதான் மாப்பிள்ளை. இன்னிக்குத்தான் உக்காந்து சூடா சாப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

"இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்குங்க" என்றேன். ஸ்பீக்கரை மீறிக் கேட்டிருக்காது.

வேன் கிளம்பியதும் லுயென் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாவை அந்த அடுப்படியிலேருந்து கிளப்ப வருஷக்கணக்கா வழி தேடிக்கிட்டிருந்தேன். ரொம்ப நன்றிங்க."

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"அந்தத் துளையை அடுத்த வருஷமும் மறக்காம அடைச்சிடுங்க."