ஊதுபத்தியும் மூணு மணிக் காத்தும்

ஆம்பூரில் காற்றைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தன்தான். அவன் என் வீட்டு முன்னறையில் மூன்று வருஷம் குடியிருந்தான். காற்றடித்தால் நீங்களும் நானும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வோம், அதோடு சரி. அவன் அந்தக் காற்று எந்தச் சந்தில் நுழைந்தது, எங்கே முட்டிக்கொண்டு நின்றது, எந்த ஓட்டை வழியாகக் கோபித்துக்கொண்டு போனது என்று சொல்வான். சொல்வதோடு விடமாட்டான், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவான்.

அவனுக்குப் பேர் ஊதுபத்தி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, தெருவில் யாருக்கும் தெரியாது. ஐம்பது வயசு, ஒல்லி ஆள். தச்சர்கள் பென்சில் சொருகுகிற மாதிரி காதில் ஒரு ஊதுபத்தி இருக்கும், சட்டைப் பையில் ஒரு கட்டு இருக்கும். சாமி கும்பிட இல்லை. அவனைக் கோயிலிலும் யாரும் பார்த்ததில்லை, சர்ச்சிலும் பார்த்ததில்லை.

தொழில், கம்ப்யூட்டர் பொட்டி கட்டித் தருவது. ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லை, கேம் விளையாடுகிறவர்கள் வாங்குவது. பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். விளையாட விளையாட அந்தப் பொட்டி சூடாகும். சூடு ஏறினால் பாதி ஆட்டத்தில் படுத்துவிடும். அதனால் உள்ளே நாலு, ஆறு, எட்டு என்று சின்னச் சின்ன ஃபேன் வைப்பார்கள். எது காற்றை உள்ளே இழுக்க வேண்டும், எது வெளியே தள்ள வேண்டும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. நான் முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கெட்டித் தோலில் ஓடுகிற ஊசி எப்படிக் கொதிக்கும், நூல் எப்படிப் பொசுங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால் அவன் வேலை எனக்கு ஒரே தடவையில் புரிந்தது.

அவன் முன்னே தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில், தோலைத் தேய்க்கிற இடத்தில் தூசியை உறிஞ்சுகிற பெரிய குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "அங்க ஆளு நுழையற கொழா. இங்க விரலு நுழையற பொட்டி. காத்து ஒண்ணுதான் யக்கா," என்பான்.

வீடு பார்க்க வந்த அன்றைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. தண்ணீர் வருமா என்றும் கேட்கவில்லை. வாசலில் நின்று ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினான். புகை நேராக எழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வீட்டுக்குள் சாய்ந்தது. பசு பின்னாலே கன்றுக்குட்டி போகிற மாதிரி அதன் பின்னாலேயே போனான். முன்னறை, கூடம், அதைத் தாண்டிப் பூட்டின கதவு. அங்கே புகை குனிந்தது. ஊசிக் காதில் நூல் போவது போல, கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் நுழைந்து போய்விட்டது.

"யக்கா, உள்ள யாரு?"

"யாரும் இல்ல. பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்போ இழுக்கறது யாரு?"

எனக்கு முதுகில் சில்லென்றது. காட்டிக்கொள்வேனா? "வீடு வேணுமா வேணாமா?" என்றேன்.

"வேணும் யக்கா. மூச்சு விடற வீடு வேற எங்க கெடைக்கும்?"

அது என் வீட்டுக்காரர் அறை. தோல் ஊறப்போடுகிற கடுக்காய், ஆவாரம்பட்டைத் தொட்டிகளிலேயே வாழ்நாள் முழுக்க நின்றவர். அவர் போன பிறகு அவருடைய சட்டைகள், தோல் செருப்பு, ஆணியில் தொங்குகிற துண்டு எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கப் பூட்டினேன். ஊதுபத்தி குடிவந்தபோது அதற்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கதவைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தொடவில்லை. ஆனால் தினம் காலையில் பொட்டிகளைச் சோதிக்கப் பத்து ஊதுபத்தியாவது கொளுத்துவான். பத்துப் புகையும் கடைசியில் அந்தக் கதவுக்கு அடியில் போய் மறையும்.

ஒரு நாள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தர் பொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே அவருடைய அம்மா. எட்டு ஃபேன், அவரே மாட்டியது. ஊதுபத்தி புகையைக் காட்டினான். முன்பக்கம் காட்டினால் பொட்டி அவன் முகத்திலேயே ஊதியது. திருகாணி ஓட்டைப் பக்கம் காட்டினால் சர்ரென்று உள்ளே இழுத்தது. மூடி இடுக்கில் காட்டினாலும் இழுத்தது. சிவப்பு வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், புகை சுருண்டு சுருண்டு எழுந்தது.

"எட்டு ஃபேனும் வெளிய தள்ளுது சார். எல்லாரும் வெளிய போனா வீட்டுக்குள்ள யாரு வர்றது? அதான் இடுக்கு இடுக்கா தூசியை இழுத்துக்கினு கெடக்குது."

"வெளக்கு மூஞ்சி எல்லாம் கண்ணாடி வழியா தெரியணும்னு வெச்சேம்பா," என்றார் சூப்பர்வைசர்.

"மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்துலருந்துதான் இழுக்கும். முன்னாடி மூணு உள்ள. பின்னாடி ஒண்ணு, மேல ஒண்ணு வெளிய. உள்ள வர்றது ஜாஸ்தி, வெளிய போறது கம்மி. அப்போ தூசி அண்டாது."

"மீதி மூணு?"

"தொட்டில் மேல கட்டிவுடு."

அந்த அம்மா இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பொட்டி, உள்ளே சிவப்பாக ஏதோ, அதற்கு ஒருத்தன் ஊதுபத்தி காட்டுகிறான். மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துப் பொட்டி மேல் வைத்து, "எந்த ஊர்லேந்து வந்தே, சொல்லு!" என்று பொட்டியை மிரட்டினார். "மேல வெக்காதம்மா, மேல் ஃபேன் அடைச்சிக்கும்," என்று பழத்தை எடுத்துக் கீழே வைத்தான் ஊதுபத்தி. அவ்வளவுதான். பேயை ஊதுபத்தி இறக்கிவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் ரயில் கேட் வரைக்கும் செய்தி போய்விட்டது.

அடுத்த நாளிலிருந்து பெண்கள் வரிசை. மூச்சு வாங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். "இதுக்குப் பொகை காட்டக் கூடாதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போ," என்று திட்டி அனுப்பினான். அனுப்புவதற்கு முன்னால் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தான். அவள் போன பிறகும் யோசித்துக்கொண்டே நின்றான்.

"உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒரே வழி! இன்னா டிசைன் இது யக்கா?"

துக்க வீட்டிலும் சும்மா இருக்கமாட்டான். அடுத்த தெருவில் பெரியவர் ஒருவர் தவறிப்போனார். ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள். இவன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, காதிலிருந்ததை எடுத்துக் கொளுத்தினான்.

"சொவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்களே, பின்னாடி காத்து எப்படிப் போவும்? அய்யாவுக்கு வேர்க்குது பாருங்க. ஒரு முழம் நகத்துங்க."

நாலு பேர் முனகிக்கொண்டே நகர்த்தினார்கள். அடைபட்டிருந்த மோட்டாருக்கு வழி கிடைத்ததோ இல்லையோ, பெட்டி "ஹூம்ம்ம்" என்று பெருமூச்சு விட்டு ஒரு குலுங்குக் குலுங்கியது. பெரியவர் தலை லேசாக இந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த நிமிஷம் அந்த வீட்டில் அழ ஆளில்லை. நானும் பெரியவரும் ஊதுபத்தியும்தான். நான் ஓடாததற்குக் காரணம் தைரியம் மட்டும் இல்லை, முழங்கால் வலியும்தான்.

"இப்போ ஜில்லுனு இருக்கும்," என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மூன்றாவது வருஷம்தான் பேஜார் வந்தது. அவன் கட்டுகிற பொட்டிகள் காலையெல்லாம் நன்றாக ஓடும். பகல் மூணு மணி ஆனால் ஒவ்வொன்றாகச் சூடு ஏறிப் படுக்கும். இடம் மாற்றினான், ஃபேன் மாற்றினான். ஒரு நாள் மூணு மணிக்கு அவன் சோதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. எல்லாம் அடங்கியது. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. பூட்டின கதவுக்குப் பக்கத்தில், தரையில், ஒயர் எதுவும் மாட்டாத ஒரு ஃபேன் கிடந்தது.

அது சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. பின்பக்கமாக.

ஊதுபத்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கடுக்காய் வாசனை வந்தது. பின்னாலேயே ஆவாரம்பட்டை, கொஞ்சம் பீடி.

"யக்கா," என்றான் ரகசியமாக. "காலைல உள்ள இழுக்குது. மூணு மணிக்கு வெளிய விடுது. ஒரே இடுக்கு. பொட்டி இப்படிச் செய்யாது யக்கா. உசிரு கீறதுதான் இப்படிச் செய்யும்."

எனக்குத் தெரியாதா? காலை ஷிப்ட் முடிந்து அவர் வீடு வருவது மூணு மணிக்கு. அந்த நேரத்துக்கு அந்தக் கதவுப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவது என் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை.

"அந்த அனல் மூச்சுதான் என் பொட்டிங்க பின்னாடி அடிக்குது. ரூமைத் தெறந்து வுடு யக்கா. ரெண்டு நாள் தெறந்து போட்டா செரியாப் பூடும்."

"தெறந்தா அவரு வாசனை போய்டும்."

"தெறக்கலன்னா என் பொழப்பு போய்டும்."

"அப்போ வேற வீடு பாத்துக்கோ," என்றேன்.

இரண்டு நாள் பொட்டிகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் மூணு மணிக்கு என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். காதில் ஊதுபத்தி இருந்தது, கொளுத்தவில்லை. வாசனை வந்தது.

"முன்ன இதைவிட ஜாஸ்தியா வருமா யக்கா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வாசல் வரைக்கும் வரும். இப்போ இங்க உக்காந்தாதான் தெரியுது."

"நீ பூட்டிதான் வெச்சிருக்கே. அது தெனம் கசியுது. நீ தூங்கறப்போ, கடைக்குப் போறப்போ, எல்லாம் வீணாப் போவுது."

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இன்னொருத்தர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் கேட்காமலேயே வேலையை ஆரம்பித்தான். கதவைத் திறக்கவில்லை. ஷூவுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டிக் கீழ் இடுக்கை அடைத்தான். கொல்லைப்புறம் ஏணி வைத்து, அந்த அறையின் உடைந்த ஜன்னலில் உள்ளங்கை அளவு மட்டும் விட்டு மீதியை மூடி, விட்ட இடத்தில் தூசி வராமல் மெல்லிய துணி கட்டினான்.

"அதையும் அடைச்சுடேன்," என்றேன்.

"கூடாது யக்கா. புதுக் காத்து கொஞ்சம் உள்ள போனாத்தான் பழசு வெளிய வரும். அது இல்லாம முடியாது."

கதவுக்கு மேலே இருக்கிற சின்னத் திறப்பில் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, முகம் உள்ளே பார்க்க வைத்தான். விளக்கு இல்லாத கறுப்பு ஃபேன். ஒரு பழைய பேட்டரியைச் சேர்த்து, சுவிட்சை என் நாற்காலிக் கைப்பிடியில் திருகினான்.

"வேணும்ங்கறப்போ மட்டும் போடு. வீணாவாது."

போட்டேன். சத்தமே இல்லை. என் நெற்றியில் ஒருத்தர் ஊதின மாதிரி வந்தது. கடுக்காய். ஊதுபத்தி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான்.

"இலை ஆடாத நாள்லயும் மூணு மணிக்கு எப்படிடா வந்தது?" என்று கேட்டேன்.

"அது மட்டும் எனக்குப் பிடிபடல யக்கா," என்றான் திரும்பாமல். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்றிலிருந்து பொட்டிகள் படுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவனுடைய மருமகன் ஏலகிரியில் லாட்ஜ் எடுத்து, இவனையும் அழைத்துக்கொண்டான். அங்கே போன முதல் வாரமே போனில் புலம்பல்: "இங்க காத்து அதும்பாட்டுக்கு வருது, அதும்பாட்டுக்குப் போவுது. எனக்கு இன்னா வேலை?" அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை அவனே கூப்பிடுவான். "ஃபேன் ஓடுதா? அவரு வாசனை வருதா?" வருகிறது என்பேன்.

வருவதில்லை. கடுக்காய் நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூன்று வருஷமாகத் தினம் காலையில் கதவுக்கு அடியில் போன புகை எங்கே போகும்? அந்தச் சட்டைகளில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. இப்போது மூணு மணிக்குச் சுவிட்சைப் போட்டால் வருவது ஊதுபத்தி வாசனை. முதல் நாள் கோபத்தில் அணைக்கக் கை போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்காருவான்.

நேற்று மூணு மணி. நான் நாற்காலியில் இருந்தேன், சுவிட்சைத் தொடவில்லை. ஃபேன் சுற்றியது. ஊதுபத்தி வாசனை வந்தது, பக்கத்தில் நின்று கொளுத்தின மாதிரி அவ்வளவு பக்கமாக. அந்த நேரத்துக்கு அந்த அறையிலிருந்து யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவர்கள்தான், உயிரோடு இருக்கிறவர்கள் வரமாட்டார்கள்.

ஏலகிரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"யக்கா! நீயா கூப்பிடறே? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மூச்சு விடறியா?"

"விடறேன் யக்கா."

"விட்டுக்கினே இரு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.