நாற்காலி காத்த படலம்

நாற்காலி நீங்காத் திறலினளே, கடலடியில் அசைவன அனைத்திற்கும் நேரம் குறிக்கும் நுண்விரலினளே, மூன்றாண்டுப் பணியில் ஒரு நடுக்கத்தையும் தப்பவிடாத கூர்விழியினளே, நிலநடுக்கக் கண்காணிப்பு நிலையத்தின் பகல்முறைத் தலைவியே, வாழி! நீ எவரிடமும் சொல்லிக்கொள்ளாத அந்தப் பெரும்போரை நாங்கள் சொல்லத் துணிகிறோம்.

கரைக்கு எண்பது கல் அப்பால், ஒளி புகா ஆழத்தில், கடலைச் சுமக்கும் பாறைத்தட்டு ஒன்று, நிலத்தைச் சுமக்கும் தட்டின் கீழே, நகம் வளரும் வேகத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறது. பிடி தளராத அவ்விரு மல்லர்களும் அன்று காலை ஒன்பது மணிக்கு ஒருவரையொருவர் சீண்டத் தொடங்கினர். எழுந்தது பேரிடி அல்ல. ஒரு கரண்டியைக்கூட அசைக்க வலுவில்லாத குட்டி நடுக்கங்கள், புற்றுடைத்துக் கிளம்பிய ஈசல்களைப்போல, நண்பகலுக்குள் நூற்று நாற்பது. அத்தனைக்கும் நேரமிட்டு, இடமிட்டு, கையெழுத்திட்டாள் தலைவி.

அந்நிலையத்தில் ஒரு கடுஞ்சட்டம் உண்டு. நடுக்கங்கள் திரளாக வரும் நாளில், கடைசி நடுக்கத்திற்குப் பின் இருபது நிமிடம் அமைதியாகக் கழிந்து சுவரில் பச்சை விளக்கு எரிந்தாலன்றிப் பொறுப்பிலிருப்பவர் நாற்காலியை விட்டு எழலாகாது. திரையில் ஏதேனும் ஒரு கோடு சிவப்பு வரம்பைத் தாண்டினால் போதும், கடிகாரம் பூஜ்ஜியத்திற்குத் திரும்பிவிடும். அறையிலிருந்த இன்னொருவர், தொலைபேசிக்குப் பொறுப்பான மூத்தவர். அவருக்குக் கையெழுத்திடும் உரிமை இல்லை. அடுத்த முறைக்காரர் வர மணி நான்காகும்.

திரள் வருவதறியாத தலைவியோ, காலையில் இரண்டு பெரிய குவளைத் தேநீரை ஒரு சொட்டு மீதமின்றி அருந்தியிருந்தாள்.

இவ்வாறாக, வெளியே ஒரு கடலும் உள்ளே ஒரு கடலும் முற்றுகையிட, நடுவே நின்ற கோட்டையானாள் அவள். நடைவழியின் கோடியில், பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் எட்டிவிடும் அந்த நீலக் கதவு, பாலைவழிப் பயணிக்குத் தெரியும் பொய்கைபோல மினுங்கிற்று. பன்னிரண்டரைக்குக் கடல் அடங்கியது. பதினொரு நிமிடம் கழிந்தது. அப்போது திரையின் கடைசிக் கோடு, அக்கட்டடத்தின் அடியிலேயே புதைத்த கருவியின் கோடு, துள்ளி வரம்பைத் தாண்டியது. பூஜ்ஜியம். மறுமுறை ஒன்பது நிமிடம், துள்ளல், பூஜ்ஜியம். அடுத்தது ஏழு. ஒவ்வொன்றையும், "மிகச் சிறியது, இடம் தெரியவில்லை" என்று பல்லைக் கடித்தபடி நேர்மை வழுவாமல் பதிந்தாள்.

"ஏ கடலே! என்னைவிட நீ பெரியவள்தான். ஆனால் உன்னைவிட நான் அதிக நேரம் அடக்குவேன்!" என்று அவள் முழங்கியது அறைச்சுவர்களில் எதிரொலித்தது.

மூத்தவர் திரையையும் மேசையின் அடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? நீ காலை ஆட்டுறப்பல்லாம்தானே அந்தக் கோடு குதிக்குது?"

தலைவி குனிந்தாள். பொறுக்கமாட்டாத அவளது வலக்கால், தறியின் மிதியைப்போலத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தோ! அரை மணிநேரமாகப் பகைவரென்று பதிந்த நடுக்கங்கள் எல்லாம் தன் குதிகாலில் பிறந்த பிள்ளைகள் என்பதை அறிந்த வீராங்கனையின் நெஞ்சத்தை எந்தப் புலவன் பாடுவான்!

"அண்ணே... இதை வெளிய சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா அடிச்சுட்டு எழுதும்மா, நாளைக்கு யாராவது இதுக்கு ஆராய்ச்சி பண்ணிடப் போறாங்க."

மூன்று பதிவுகளையும் அடித்து, "என் கால்" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். ஆயினும் பூஜ்ஜியத்திற்குத் திரும்பிவிட்ட கடிகாரத்தைத் திருத்தச் சட்டம் இடந்தரவில்லை. இரு பாதங்களையும் நாற்காலியின் கால்களில் பின்னிக்கொண்டு, மூச்சையும் சிறிதாக்கி, மலையினும் அசைவற்று அமர்ந்தாள். பதினாறாம் நிமிடத்தில் தொலைபேசி அலறியது.

"உன் அம்மாதான் பேசுறாங்கம்மா. டிவில சொன்னாங்களாம், கடல் ஆடுதுன்னு. வீட்ல ஒரு டம்ளர்கூட ஆடலையே, நீங்கல்லாம் நிஜமாவே வேலை பாக்குறீங்களான்னு கேக்குறாங்க."

"அண்ணே, சிரிக்க வைக்காதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்!"

"தண்ணி நிறைய குடிக்கச் சொல்றாங்க."

அக்கணம் அவளுள் எழுந்த சிரிப்பின் பேரலை, உதரத்தில் மோதி, விலாவில் உருண்டு, உதட்டுக் கரையில் வந்து உடைந்தடங்கிய வரலாறு கடல்நூல்களில் இல்லை. கோடு வரம்பு வரை உயர்ந்தது; தொட்டது; தாண்டாமல் தாழ்ந்தது.

பத்தொன்பது. இருபது. பச்சை விளக்கு மலர்ந்தது. வில்லிலிருந்து விடுபட்ட கணையென அவள் பாய, முதல் அடியிலேயே கோடு கிடுகிடுத்தது. "ஓடாதம்மா! நடந்து போ, நடந்து போ!" என்று மூத்தவர் அலற, விளக்கு மறுபடியும் அணையலாகாதே என்னும் ஒரே நினைவில், கன்றை எழுப்பாமல் தொழுவம் கடக்கும் பசுவினும் மெல்ல, குதிகால் நிலம் தோயாமல், முகத்தில் முனிவரின் சாந்தமும் முழங்காலில் மன்னரின் மிடுக்கும் தாங்கி, ஆறாம் அடி, எட்டாம் அடி, பதினோராம் அடி எனக் கடலும் பாறையும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, அவள் அந்த நீலக் கதவை அடைந்து பிடியில் கை வைத்தாள்.

போய்விட்டு வந்தாள்.