ஹேஸலின் காதும் பதினாறு கேக்கும்

"புதுசா யாரையும் சேத்துக்கறதில்ல கண்ணு. காது டாக்டர்னா அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள், கிளினிக் வரவேற்பில் இருந்தவள்.

"அடுத்த வருஷம் எங்கள டார்வினுக்கு மாத்திடுவாங்க."

"அப்ப டார்வின்ல பதிஞ்சுக்க."

ட்ரூடி போனை வைத்தாள். ஆஸ்திரேலியாவின் இந்த டவுன்ஸ்வில் ஊருக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் இதே பாட்டு. நாலு வயது மகள் ஹேஸலுக்குக் காதுக்குள் நீர் கோத்திருந்தது. டிவி சத்தம் கடற்கரை வரை போனாலும், "சத்தமா வைம்மா" என்பாள். பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது. புருஷன் பட்டாளத்தில் சார்ஜென்ட். அவன் விரலில் முள் குத்தினால் முகாமில் மூன்று டாக்டர்கள் பறந்து வருவார்கள். குடும்பத்துக்கு அந்த வைத்தியம் கிடையாது. அவனோ பயிற்சிக்கென்று காட்டுக்குப் போய்விட்டான்.

பட்டாளத்தின் குடும்ப உதவி எண்ணுக்குப் பேசினாள். "கவலப்படாதீங்க, ஆள அனுப்பறோம்" என்றார்கள்.

வந்தவர் படைப் பாதிரியார். "மனசு எப்படிம்மா இருக்கு?"

"மனசு கல்லு மாதிரி இருக்கு ஃபாதர். எம்பொண்ணு காதுதான் சரியில்ல."

பாவம், தனிமையில் புலம்புகிறாள் என்று அவர் முடிவு கட்டினார். மறுநாள் பதினாறு பட்டாளத்து மனைவிகள், ஆளுக்கொரு கேக்கோடு வந்து இறங்கினார்கள்.

"எனக்கு ஆறுதல் வேணாம்டி, டாக்டர் வேணும்" என்றாள் ட்ரூடி.

"ரொம்ப முத்திடுச்சு" என்று கிசுகிசுத்தாள் கூட்டத் தலைவி பெவர்லி. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் வந்தார்கள். பிரிட்ஜில் பாலுக்கு இடமில்லை. கேக் தின்று தெருநாய்கள் வாலாட்டக்கூட முடியாமல் கிடந்தன. அவர்கள் போட்ட கூச்சலில் ஹேஸல் ஒருத்திதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

கூட்டத்தில் ஒரே ஒரு ஆண்: மேஜர் இமோஜனின் வீட்டுக்காரர். மனைவியின் பதவிதான் இங்கே பெயர், அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வந்ததும் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

ஒருநாள் ஹேஸல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அவள் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கற நீர் வடிய சின்னக் குழாய் ஒண்ணு வைக்கணும். கால்மணி நேர வேலை. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"அத டாக்டர் சொல்லணும், மேஜர் வீட்டுக்காரரே" என்று சீறினாள் ட்ரூடி.

"நான் கொழந்தைங்க காது டாக்டர்தாங்க. நாலு மாசமா இங்க கப்பு கழுவுறேன், அத்தன பேரும் எம்பொண்டாட்டி எந்த ரெஜிமென்ட்டுன்னுதானே கேட்டீங்க."