வெற்றிலை எடுக்காத உறுப்பினர்

என் பிரியமுள்ள பிச்சம்மாள் அக்காவுக்கு, தங்கை கோமளவல்லி எழுதுவது.

உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்குக் காட்டவே காட்டாதே. சிரித்துக்கொண்டே மாமாவுக்கு எழுதிவிடுவார். இங்கே அம்மாவும் அப்பாவும் நலம். சிவப்பிப் பசு கன்று போட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நானும் நலமாகத்தான் இருந்தேன். எல்லாரும் தூங்கியபின் விளக்குத் திரியைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்.

நம் ஊர் வாசகசாலைக்கு நான் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆகிவிட்டேன் அக்கா. குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தால்தான் சர்க்கார் உதவி கிடைக்கும் என்று, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஆளாளுக்கு அடுத்தவர் மனைவியின் பெயரைச் சொன்னார்களாம். ஒரு மனைவியும் சம்மதிக்கவில்லை. "நான் அங்க வந்து உக்காந்தா இங்க சோறு யாரு வடிப்பா?" என்று நம் அத்தையே மாமாவைக் கேட்டாளாம். கடைசியில், அங்கே வந்து படிக்கிற பெண்களில் மூத்தவள் நான்தான் என்று செயலாளர் பகவதியப்பன் சார் என் பெயரை எழுதிவிட்டார். தலைவர் நம் ஈஸ்வரமூர்த்தி மாமா என்பதால் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் பாரம் படிக்கிற பிள்ளைக்கு வயது போதுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த அதிகாரி முதலில் பேசிவிட்டுப் போனார். உறுப்பினர் என்றால் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவர் இல்லையாம், ஊர்ச் சொத்துக்குக் காவலாம், சொந்தக் காரியத்துக்கு அதைத் தொடக்கூடாதாம், விளங்காததைக் கேட்க வேண்டுமாம், சரியில்லை என்று பட்டால் தலைவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமாம். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். பலசரக்குக் கடைக் கிருஷ்ணமணி அண்ணாச்சி தூக்கத்திலேயே ஆட்டினார். அதிகாரி தெரு முனை தாண்டியதும் மாமா தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி ஆறுமுகப்பெருமாள் வீட்டுப் பத்தாயம் செதலு அரிச்சுப் போச்சு. மாசியில அறுத்த கும்பப்பூ நெல்லு களத்துல கெடக்கு. ஆடி மாசம் வரைக்கும் நம்ம வாசகசாலையில போட்டுக்கிடட்டும். புத்தக அலமாரிய வராந்தாவுல எறக்கி வச்சிரலாம்."

வாசகசாலைக்கு இருப்பதே ஒரே அறை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் நாலு பெண்கள் யார் கண்ணும் படாமல் உட்கார்ந்து படிக்க ஊரிலேயே அந்த அறைதான் உண்டு. வராந்தாவில் வைத்தால் ஆடுகள்தான் படிக்கும். கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன் அக்கா, காற்றுதான் வந்தது. அதற்குள் வெற்றிலைத் தட்டு வந்துவிட்டது. இந்தக் குழுவில் கையைத் தூக்குகிற வழக்கம் கிடையாதாம். தட்டு வரிசையாகப் போகும், வெற்றிலை எடுத்தால் அந்தக் காரியத்துக்குச் சம்மதமாம். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாரும் எடுத்தார்கள். பகவதியப்பன் சாரும் தலையைக் குனிந்துகொண்டு எடுத்தார். நான் எடுக்கவில்லை. படிக்கிற பிள்ளை வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று நீதானே சொல்லுவாய்? அதிலும் சிவப்பி இப்போது ஈன்ற கோபத்தில் நிற்கிறாள்.

"ஏட்டி கோமளம், எடுக்கலியா?" என்றார் மாமா.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நல்லா யோசிச்சுத்தான் செய்யியா?"

யோசித்துத்தான் என்று ஆட்டினேன். அப்போது கிருஷ்ணமணி அண்ணாச்சி எழுந்து வெளியே போய், மென்றுகொண்டிருந்ததைத் துப்பிவிட்டு வந்து, "நானும் எடுக்கல வே, கேட்டீரா!" என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான், மடியில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகத் தட்டில் திருப்பி வைத்தார்கள். பகவதியப்பன் சார் தடவிய சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். "சரி, வாற ஞாயித்துக்கிழம பாப்போம்" என்று மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். தினமும் நம் வீட்டில் காப்பி குடிக்கிறவர் அதற்குப்பிறகு வரவே இல்லை. "எங்க அண்ணன் மொகத்துல நான் எப்பிடிட்டி முழிப்பேன்?" என்று அம்மா அழுகிறாள். ஊர்க்காரர்களோ மாமனையே எதிர்த்த பிள்ளை என்று வாசலில் வந்து நின்று பார்க்கிறார்கள். நான் மாட்டுக்குப் பயந்தவள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உண்மையைச் சொன்னால் நெல் உள்ளே வரும். சொல்லாவிட்டால் மாமா உறவு போகும். இத்தனைக்கும் நடுவில், நேற்றுச் சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் அதே அறையில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? எனக்கும் சம்மதமில்லைதானே அக்கா, வாய்தானே வரவில்லை. ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து நின்று

கதவை யாரோ தட்டுகிறார்கள். மாமாவின் செருமல். அம்மா எழுந்துவிட்டாள். விளக்கை

பி.கு.: விடிந்தபின் எழுதுகிறேன். வந்தது மாமாதான். மேலே நான் பயந்ததை எல்லாம் அடித்துவிட்டுப் படி. அம்மாவைக் காப்பி போட அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மக்கா, மகள அங்க கெட்டிக் குடுத்திருக்கேன்லா, சம்பந்தி கேட்டா நான் எப்பிடி மாட்டேம்பேன்? எவனாவது எடுக்காம இருப்பானான்னு தட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு பய அசையல. நீதான் காப்பாத்துன" என்றார். பின்னே ஏன் வீட்டுக்கே வரவில்லை என்று கேட்டேன். "நான் கோவிச்சிருந்தாத்தானட்டி சம்பந்தி நம்புவாரு?" என்றார். சிவப்பியைப் பற்றிச் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்காமலிருக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்.

"இனியும் இப்பிடி எவனாவது கேட்டா நான் கண்ணக் காட்டுகேன், நீ எடுக்காம இரி."

"கண்ணெல்லாம் காட்டாண்டாம் மாமா. சரியில்லன்னு பட்டா நானே வாயால சொல்லுவேன்."

"எங்கிட்டயுமா?"

"ஒங்க காரியம்னா மொதல்ல சொல்லுவேன்."

மாமா காப்பிக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார். முற்றம் தாண்டியபின் சிரித்த சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கோபமா என்று சத்தியமாகத் தெரியவில்லை.