பூஜ்யமாவது வரிசை

படம் எடுப்பவர்களை உங்களுக்குத் தெரியும். படம் காட்டுபவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். அவர்களில் இரண்டு பேராவது உங்கள் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். நான் சொல்லப்போவது மூன்றாவது இனம். இவர் செல்போனில் தெளிவாக, மூக்கு மூக்காகவும் காது காதாகவும் விழுந்திருக்கிற ஒரு படத்தை எடுத்துக்கொண்டுபோய், தானே எழுதிய ஒரு சாஃப்ட்வேருக்குள் போட்டு, அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஒவ்வொரு சதுரத்துக்கும் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டை ஒன்றைப் பொறுக்கியெடுத்துப் பலகையில் அழுத்தி, மூன்று வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத ஒன்றாக மாற்றி, சுவரில் மாட்டிவிட்டு, "யார்னு சொல்லுங்க பாப்போம்?" என்பார்.

சொல்லாதீர்கள்.

நான் சொன்னேன். "தண்ணி டேங்க்" என்றேன்.

"நீங்கதான் சார் அது" என்றார்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டுக்காரர் இவர். ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அதைத் தபால்காரரைத் தவிர யாரும் உபயோகிப்பதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் சதுரம்.

என் படத்தை எனக்குக் காட்டிய அன்று சதுரம் சொன்னார்: "பக்கத்துல நின்னா அப்படித்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க." நான் ஒரு அடி பின்னால் போனேன். "இன்னும் கொஞ்சம்." சோபாவைத் தாண்டினேன். "கண்ணை லேசா சுருக்கிக்கிட்டு, இன்னும் கொஞ்சம்." அவர் வீட்டு வாசலைத் தாண்டி, நடைவழியைத் தாண்டி, என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தபோது பரவாயில்லாமல்தான் இருந்தது. அப்படியே கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த இனத்தை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கிற பார்வையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் வாடகை ஏறியதைப் பற்றியோ முழங்கால் வலியைப் பற்றியோ உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே உங்கள் நெற்றியில் எத்தனை பழுப்பு, கன்னத்தில் எத்தனை மஞ்சள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். "சார், உங்க மூஞ்சிக்கு ஆறு நிறம் போதும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். பாராட்டா திட்டா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டு வழுக்கைத்தலை வக்கீலிடம் போய், "உங்களுக்கு மண்டைக்கு மட்டுமே நூத்தி இருபது கட்டை பிடிக்கும்" என்றார். வக்கீல் அதற்கப்புறம் படியில் தொப்பியோடுதான் இறங்குகிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போன இடத்தில், "கன்னம் ஒட்டிப்போனதும் ஒரு விதத்துல நல்லதுதான், இப்பத்தான் நிழல் சரியா விழுது" என்று சொன்னாராம். சிநேகிதர் அந்த ரோஷத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கேள்வி.

படம் எடுக்கும்போது சிரிக்கவும் கூடாது. "பல்லைக் காட்டாதீங்க. வெள்ளைக் கட்டை கைவசம் இல்லை."

அந்த சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். "இதெல்லாம் இப்ப ரெடிமேடாவே போன்ல கிடைக்குதே, ஒரு நொடியில மாத்திக் குடுக்குதே?" என்று தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் குடும்பத்தைப் பற்றி நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "அது யாரோ எழுதினது. இது நானே எழுதினது." சரி, நானே எழுதினது என்ன செய்கிறது? முகத்தில் இருக்கிற நிறத்துக்குப் பக்கத்தில் எந்தக் கட்டை வருகிறதோ அதைத் தானாகத் தேர்ந்தெடுக்கிறது. அப்படித்தான் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருடைய முகம் முழுக்கப் பச்சையாக வந்தது. அந்த மனிதர் தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஏதாச்சும் வியாதியா சார்?" என்று கேட்டார். சதுரம் அசரவில்லை. "கணக்குப்படி சரி" என்றார்.

இந்த இனத்தின் வேதவாக்கியமே அதுதான். கணக்குப்படி சரி. கண்ணுக்குத் தப்பாகத் தெரிந்தால் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டியது நீங்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாளே, அவளைப் பற்றி யோசித்தீர்களா? சதுரத்தின் மனைவி தையற்கடை வைத்திருக்கிறாள். நல்ல கைகாரி. பட்டன் போட்டு வைக்கிற டப்பாக்கள் முப்பது அவளிடம் இருந்தன. இன்றைக்கு அதில் இருபத்தாறு கட்டைக்குப் போய்விட்டன. ஒரு வாடிக்கைக்காரர் கோட்டின் மூன்றாவது பட்டன் ஏன் சதுரமாக இருக்கிறது என்று கேட்டு வந்தபோது, "இப்ப அதுதான் ஃபேஷன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வீட்டுக்காரர் "பதினேழாம் நம்பர் நிறம் எடு" என்பார். அவள் "துருப்பிடிச்ச ஆணி நிறமா, ஆறிப்போன டீ நிறமா, தெளிவா சொல்லுங்க" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று மிச்சம் இருக்கிற பிறந்த வீடே அந்த அண்ணன்தான். ஆறு வருஷமாக இந்த வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. காரணம் என்ன, பெரிய சொத்துத் தகராறா? இல்லை. இவர்கள் குடிவந்த புதிதில் தங்கைக்காகச் சமையலறைக்கு அவனே டைல்ஸ் பதித்துக் கொடுத்தான். வேலை முடிந்த அன்று சதுரம் ஸ்கேலோடு வந்து குனிந்து பார்த்து, "மச்சான், இந்த மூலையில ஒரு டைல் நூலளவு கோணல்" என்றார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, தெரியாது" என்று அவன் பொறுமையாகச் சொன்னான்.

"தள்ளி நின்னா எல்லாந்தான் நேரா தெரியும்" என்றார் சதுரம்.

அவ்வளவுதான். கொத்துக்கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான்.

ஆறு வருஷத்தில் தங்கை எத்தனை தடவை போன் செய்திருப்பாள்! போன மாதம்தான் எடுத்தான். "இந்த வாரம் இல்லை, அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அரை மணி நேரம்தான்" என்றான். இவள் போனை வைத்துவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்த அரை மணி நேரத்துல இவர் வாயைத் திறக்காம இருந்தா போதும், எனக்கு அண்ணன் கிடைச்சிடுவார்" என்று அழுதாள்.

சதுரம் வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் பண்ணினார். மச்சானை அசத்துவதற்கு மச்சானுடைய முகத்தையே கட்டையில் செய்துவிடுவது என்று தீர்மானித்தார்.

மூன்று வாரம் கிடையாது, பத்தே நாள்தான் இருந்தது. அதனால் முப்பத்திரண்டு வரிசையில் சின்னதாக ஒரு படம். வலது பாதி ஒரு பலகை, அது இவருக்கு. இடது பாதி ஒரு பலகை, அது மனைவிக்கு. எந்த வரிசையில் எந்த நிறம் எத்தனை என்று சாஃப்ட்வேரே அச்சடித்துக் கொடுத்தது. அவள் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஒரு தையல்கூடப் பிசகாத கை அல்லவா, அத்தனை அக்கறையோடு அண்ணன் முகத்தைப் பாதி கட்டி முடித்தாள். சனிக்கிழமை இரண்டு பாதியையும் சேர்த்துச் சுவரில் மாட்டி மேலே துணி போட்டு மூடிவைத்தார்கள். தள்ளி நின்று பார்க்கக்கூட அவகாசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி அங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கப் போயிருந்தேன். மேஸ்திரி வருகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். வாட்ச்சைப் பார்த்தான். தங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் சதுரம் துணியை இழுத்துவிட்டார்.

சுவரில் இருந்த மேஸ்திரிக்கு இடது பக்கம் உதடு மேலே ஏறியிருந்தது. இடது கண்ணும் ஏறியிருந்தது. மொத்தத்தில், எதிரே உட்கார்ந்திருந்த நிஜ மேஸ்திரியைப் பார்த்து, 'இவனெல்லாம் டைல்ஸ் பதிக்க வந்துட்டான்' என்று ஒரு நக்கல் சிரிப்பு.

"யாரு இது?" என்றான் அண்ணன்.

"நீங்கதான் மச்சான்."

"நானா? நான் எதுக்கு இப்படி இளிக்கிறேன்?"

"இளிக்கலை மச்சான். கணக்குப்படி சரி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஸ்க்ரூ டிரைவரை மறந்தேன்.

மேஸ்திரி மெதுவாக எழுந்தான். "தள்ளி நின்னா எல்லாந்தான் நேரா தெரியும் மாப்பிள்ளை" என்றான். வாசலுக்குப் போகப்போகிறான் என்று நினைத்தேன். படத்துக்குப் பக்கத்தில் போனான். இரண்டு பலகையும் சேர்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தான். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அளந்தான்.

"இடது பாதி ஒரு வரிசை மேல ஏறி நிக்குது."

"சான்ஸே இல்லை" என்று சதுரம் உள்ளே ஓடிப்போய் அச்சடித்த தாளைக் கொண்டுவந்தார். விரலை வைத்து எண்ணினார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "நீ எந்த வரிசையில ஆரம்பிச்சே?"

"முதல் வரிசையில."

"முதல் வரிசைன்னா?"

"ஒண்ணு."

"மேல பூஜ்யம்னு ஒரு வரிசை போட்டிருக்கே, அது எங்க?"

"பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்? ஒண்ணுமில்லாத வரிசைக்கு நான் என்னத்தை வைக்கிறது? விட்டுட்டேன்."

"அப்ப கீழ ஒரு வரிசை மிஞ்சியிருக்குமே!"

"மிஞ்சிச்சு. கறுப்பு வெச்சு ஓரம் அடிச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டேனே. 'புரோகிராம் ஓடிட்டிருக்கு, அப்புறம் வா'ன்னீங்க."

சதுரம் மச்சானிடம் திரும்பினார். "கம்ப்யூட்டருக்கு எப்பவும் பூஜ்யம்தான் முதல் மச்சான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இவ..."

"மாப்பிள்ளை." மேஸ்திரி டேப்பைச் சுருட்டினான். "எங்க வேலையில முதல் டைலுக்குப் பேரு முதல் டைல். உங்களுக்குப் பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கணும்னா கம்ப்யூட்டரையே உக்கார வெச்சுக் கட்டையை அழுத்தச் சொல்லியிருக்கணும். என் தங்கச்சிகிட்ட குடுத்தா அவ ஒண்ணுலதான் ஆரம்பிப்பா. மனுஷங்க அப்படித்தான்."

என் தங்கச்சி. ஆறு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் அந்த வார்த்தை விழுந்தது. அவள் காலி டம்ளரை எடுப்பதுபோலக் குனிந்தாள். டம்ளரில் காபி முழுசாக இருந்தது.

சதுரம் கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். கடைசியில், "தப்பு என்னோடதுதான் மச்சான்" என்றார். "டைல் விஷயத்துலயும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அதை விடுங்க. அந்த டைல் கோணல்தான்" என்றான் மேஸ்திரி.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். நல்லபடியாக முடிகிற விஷயத்தை யார் வேலை மெனக்கெட்டு ஊர் பூராவும் சொல்லுவார்கள்?

மேஸ்திரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "பிடுங்குங்க மாப்பிள்ளை, சரி பண்ணிடுவோம். அஞ்சு நிமிஷம்." அரை மணி நேரம் என்று வந்தவன் பொழுது சாய்கிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் ஆரம்பிப்பதே தப்பு, நடுக்கோட்டில் ஆரம்பித்தால்தான் பிசகு வந்தாலும் இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொள்ளும் என்றான். சதுரம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மட்டம் சரியா என்று பார்க்கிற ரசமட்டத்தோடு வந்தான். அதற்கு அடுத்த ஞாயிறு, குளியலறைச் சுவர் முழுக்க டைல்ஸில் ஒரு முகம் வைத்தால் எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் படியில் நின்று பேசினார்கள். போகிறபோது மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தான். நெற்றியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கிய பார்வை. எனக்குத் தெரியாத பார்வையா?

தங்கை பாவம், ஒவ்வொரு வாரமும் காபியை வைத்துவிட்டு, "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறாள்.

"ஒரு நிமிஷம்மா, மூக்கு முடியட்டும்."

மூக்கு முடிய இரண்டு மணி நேரம் ஆகிறது.

"அக்கா, அண்ணன் வரலைன்னு ஆறு வருஷம் அழுதேன்" என்று நேற்று என் மனைவியிடம் சொன்னாள். "இப்ப வந்துட்டார். ஆறு வருஷமும் வீடாவது சுத்தமா இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன ஞாயிறு அவளும் பேசாமல் அவர்களோடு தரையில் உட்கார்ந்து, பலகையைத் தன் பக்கம் இழுத்து, "ஒண்ணுல ஆரம்பிச்சாத்தான் நான் கை வைப்பேன்" என்றாளாம். சதுரம் இரண்டு ராத்திரி சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டி மாற்றிவிட்டார். எட்டாவது பதிப்பு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. 'புது வசதி' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் கட்டையையும் தொட்டதில்லை, கம்ப்யூட்டரையும் நோண்டியதில்லை என்று கால்மேல் கால் போட்டுக்கொள்கிறீர்கள். நல்லது. போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மனிதரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நிறுத்தி, நீங்களே பிரித்துமாட்டிய மிக்சியையோ, மொட்டைமாடியில் வளர்க்கிற செடியையோ காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் "இதை நான் எப்படிப் பண்ணேன்னா..." என்று ஆரம்பித்தது யார்?

அவர் உங்களிடமிருந்து தப்பித்து நேராக எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்குத்தான். ஒன்றரை மணி நேரம் இருந்தார். வேறு யாரைப் பற்றியும் நாங்கள் பேசவே இல்லை.